பழைய பேப்பர் கடைக்குப் போன துப்பறிவாளர்கள்

தமிழில் துப்பறியும் நாவல் எழுதியவர்கள் யார் யார் என்று எந்தக் கல்லூரி கேன்டீனில் கேட்டாலும் நாலு பெயர் உடனே வரும். சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. பக்கத்து மேஜையில் கொஞ்சம் வயதான புரொபசர் இருந்தால் தமிழ்வாணன் என்பார். வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டால் தேவனின் 'துப்பறியும் சாம்பு' வரும். அதோடு பட்டியல் ஓவர்.

மேதாவி? சிரஞ்சீவி? பி.டி.சாமி? உதட்டைப் பிதுக்குவார்கள். இவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய பெயர்கள். மர்மம், திகில், பேய் என்று மாதாமாதம் எழுதிக் குவித்தவர்கள். இன்று அவர்களின் புத்தகத்தைத் தேடுவதற்கே ஒரு துப்பறிவாளர் வேண்டும்!

ஏன் இவர்களை யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டால் ஒரு ரெடிமேட் பதில் தயாராக இருக்கிறது. "நல்லா எழுதியிருந்தா நின்னிருப்பாங்க. நிக்கலைன்னா சரக்கு இல்லைன்னு அர்த்தம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இந்தப் பதில் மேல் சந்தேகம் வர வேண்டும். ஒரு பொருள் சந்தையில் இல்லை என்றால் அது மட்டமான பொருள் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. விநியோகம் சரியில்லாமல் போயிருக்கலாம். சேமித்து வைக்கக் கிடங்கு இல்லாமல் போயிருக்கலாம். தமிழ் மர்ம நாவல்களுக்கு நடந்தது இதுதான். இந்த எழுத்தாளர்களை வாசகர்கள் படித்துப் பார்த்து ஒதுக்கவில்லை. புத்தகம் விற்கப்பட்ட முறையே அவர்களை அழித்துவிட்டது.

நின்றவர்கள் எப்படி நின்றார்கள்?

நின்றவர்களின் கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும்.

தமிழில் துப்பறியும் கதை 1890களிலேயே வந்துவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894ஆம் ஆண்டு வெளியானது. அதன் பிறகு பெரிய வெற்றி ஜே.ஆர்.ரங்கராஜுவுடையது. 1908இல் வந்த 'இராஜாம்பாள்' அவருடைய துப்பறிவாளர் கோவிந்தனை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அவர் நாவல்களை எம்.கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். பிறகு சினிமா. 'இராஜாம்பாள்' 1935இலும் 1951இலும் இரண்டு முறை படமாக வந்தது. இரண்டாவது படத்தில்தான் ஆர்.எஸ்.மனோகர் அறிமுகமானார்.

அடுத்தவர் நம்ம பக்கத்துக்காரர். வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார். காரைக்காலில் பஸ் ஏறித் திருவாரூர், மன்னார்குடி தாண்டினால் வடுவூர். அவர் படைத்த திகம்பர சாமியார் ஒரு விசித்திரமான துப்பறிவாளர். 'மேனகா' 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்துப் படமானது. 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் வந்தது. வில்லன் என்று எல்லோருக்கும் தெரிந்த எம்.என்.நம்பியார் அதில் பல வேடங்கள் போட்ட ஹீரோ! இன்றைக்கும் பழைய படப் பிரியர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது வை.மு.கோதைநாயகி அம்மாள். 1925இல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தன் கைக்குக் கொண்டுவந்து அதில் தன் நாவல்களை வெளியிட்டார். மொத்தம் 115 நாவல்கள். துப்பறியும் கதைகளும் அதில் அடக்கம். ஒரு பெண் பத்திரிகை நடத்துவதே அதிசயமாக இருந்த காலம் அது.

நான்காவது தமிழ்வாணன். சங்கர்லாலைத் தெரியாத அப்பாக்கள் குறைவு. 'கல்கண்டு' பத்திரிகையின் ஆசிரியர். மணிமேகலைப் பிரசுரம் அவர் குடும்பத்தின் பதிப்பகம். 1977இல் அவர் இறந்த பிறகும் புத்தகங்கள் தொடர்ந்து அச்சாகிக்கொண்டே இருந்தன.

இந்த நாலு பேருக்கும் பொதுவானது என்ன? நடை ஒன்றல்ல, காலம் ஒன்றல்ல. ஆனால் ஒவ்வொருவருக்கும் கதையைக் காப்பாற்ற இன்னொரு வாகனம் இருந்தது. ரங்கராஜுவுக்கு நாடகமும் சினிமாவும். வடுவூராருக்குச் சினிமாவோடு 'மனோரஞ்சினி' என்ற மாத இதழ். கோதைநாயகிக்குச் சொந்தப் பத்திரிகை. தமிழ்வாணனுக்குச் சொந்தப் பதிப்பகம்.

எழுத்துத் திறமை இவர்களுக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நிறையவே இருந்தது. ஆனால் அதே அளவு திறமை உள்ள இன்னொருவர், பத்திரிகை முதலாளியும் ஆகாமல், சினிமாக் கம்பெனிக்காரர் கண்ணிலும் படாமல், மாதம் ஒரு நாவல் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால்? அவர் கதை அந்த மாதத்தோடு முடிந்தது.

அரிசியா, கீரையா?

இங்கேதான் வியாபாரக் கணக்கு வருகிறது.

புத்தகம் என்பது அரிசி மூட்டை மாதிரி. இந்த வருஷம் விற்காவிட்டால் அடுத்த வருஷம் விற்கலாம். மாத நாவல் என்பது கீரைக்கட்டு. காலையில் வந்தது சாயங்காலத்துக்குள் போக வேண்டும். 'ராணி முத்து', 'மாலைமதி', 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' எல்லாமே பத்திரிகைக் கடையில் பத்திரிகை மாதிரியே விற்றவை. அடுத்த மாதத்து இதழ் வந்தவுடன் போன மாதத்து நாவலுக்குக் கடையில் இடம் கிடையாது.

இந்த ஏற்பாட்டினால்தான் ஒரு முழு நாவலை அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது. சாதாரண நியூஸ் பிரிண்ட், ஸ்டேப்ளர் பின், பளபளவென்று ஒரு அட்டை, போதும். பத்திரிகைக்கு உள்ள ஏஜென்ட் வலைப்பின்னல் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறது. மளிகைக்கடை வாசல்வரை நாவல் வந்து சேர்ந்தது. புத்தகக்கடை இல்லாத ஊரிலும் மாத நாவல் கிடைத்தது. இந்த அளவுக்கு மலிவாகத் தமிழ் வாசிப்பைப் பரப்பிய வேறு ஏற்பாடு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பேரளம் – காரைக்கால் மீட்டர்கேஜ் ரயில் 1987இல் நின்றுபோனது. பிறகு நாகூர் வழியாக ரயில் வந்தது 2011 டிசம்பரில். நடுவில் 24 வருஷம். மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடை என்ற ஒன்றே இல்லாத ஊரில் நாவலுக்கு வழி பஸ் ஸ்டாண்டும் பெட்டிக்கடையும்தான். கும்பகோணம் பஸ்ஸில் ஏறும்போது வாங்கி இறங்குவதற்குள் முடித்துவிடுகிற அளவு.

ஆனால் அந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. பத்திரிகையாகப் பதிவான நாவலுக்கு ஐ.எஸ்.பி.என். எண் கிடையாது. நூலகம் வாங்கினாலும் அதைப் பத்திரிகை மேஜையில்தான் போடும். பழைய பத்திரிகைகளை எந்தக் கிளை நூலகமும் நூறு வருஷம் வைத்திருக்காது. எடைக்குப் போடுவதுதான் வழக்கம். வீட்டிலும் அதே கதை. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெளியே போவது பரணில் உள்ள மாத நாவல் கட்டு.

வாடகை நூலகங்கள் கொஞ்சம் காப்பாற்றின. இரண்டு மூன்று நாவலைச் சேர்த்து பைண்டு செய்து, காக்கி அட்டை போட்டு, முதுகில் நம்பர் ஒட்டி வைத்திருப்பார்கள். டி.வி. சீரியலும் அதன் பின் செல்போனும் வந்து அந்தக் கடைகளை மூடிய போது அந்தக் கட்டுகளும் கிலோக் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் பதிப்பாகும் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். பிறகு பத்திரிகைகளும் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் அனுப்புவது ஒன்று, அனுப்பியதைத் தலைப்புவாரியாக, ஆசிரியர்வாரியாகப் பட்டியல் போட்டு வைப்பது இன்னொன்று. மாத நாவலைப் பத்திரிகையாகப் பட்டியலிட்டால் கேட்டலாக்கில் பத்திரிகையின் பெயர்தான் இருக்கும். உள்ளே எந்த மாதம் எந்த எழுத்தாளர் எந்தக் கதையை எழுதினார் என்பது இருக்காது. எழுத்தாளர் பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு அது இல்லாத புத்தகம்.

ஒரு பெயருக்குள் எத்தனை பேர்?

இன்னொரு சிக்கல் புனைபெயர். ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதியவரும், புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் கிளுகிளுப்பான மர்மக் கதைகள் எழுதியவரும் ஒரே ஆள். கும்பகோணத்தில் பிறந்த ரா.கி.ரங்கராஜன் குமுதத்தில் ஏகப்பட்ட பெயர்களில் எழுதினார். கிருஷ்ணகுமார் என்பது திகில் கதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர்.

இவர்கள் விஷயத்தில் உண்மைப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமலே போனவர்கள்? பெண் பெயரில் எழுதிய ஆண்கள், ஆபீசுக்குத் தெரியக்கூடாது என்று வேறு பெயரில் எழுதிய குமாஸ்தாக்கள், பத்திரிகை ஆபீசே உருவாக்கிய பெயரில் எழுதியவர்கள். மர்ம நாவலின் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். எழுதியது யார் என்பது மட்டும் தெரியாது!

இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. காப்புரிமைக் கேள்வியும்கூட. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும். 1942இல் இறந்த வடுவூராரின் நூல்களுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. 1959இல் இறந்த ரங்கராஜுவின் நூல்களுக்கு 2019ஓடு முடிந்தது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஸ்கேன் செய்யலாம்.

புனைபெயரில் வந்த நூல் என்றால், ஆசிரியர் யார் என்று வெளிப்படாதவரை, நூல் வெளியான ஆண்டுக்குப் பின் 60 வருஷம். 1970களில் வந்த நாவல்களுக்கு அதுவே 2030களில்தான் முடியும். அதற்குள் நியூஸ் பிரிண்ட் பொடிப்பொடியாகிவிடும். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட அனுமதி கேட்கக் காப்புரிமைச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி ஒரு பழைய மாத நாவலை மறுபதிப்பு செய்ய எந்தப் பதிப்பாளர் முன்வருவார்? செலவுக்கும் வரவுக்கும் கட்டுப்படியாகாது.

மின்னூல் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது உண்மை. புஸ்தகா, கிண்டில் போன்றவற்றில் பழைய மாத நாவல் எழுத்தாளர்கள் பலரின் நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் அதற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். எழுத்தாளர் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது வாரிசுக்கு அக்கறை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் அங்கேயும் இல்லை.

"குப்பைதானே, போகட்டுமே!"

இனி எதிர்க்கட்சி வாதம். இந்த நாவல்களில் பெரும்பாலானவை அவசரத்தில் எழுதப்பட்டவை. கடைசி ஐந்து பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். அட்டைப்படத்துக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. பெண் பாத்திரங்களை எழுதிய விதத்தைப் படித்தால் இன்றைக்குக் கோபம் வரும். தற்செயல்கள் ஏராளம். முன்னோடிகளே சுத்தம் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் ரெயினால்ட்ஸ், கானன் டாயில் கதைகளை அப்படியே தமிழ்நாட்டு வேஷம் கட்டி இறக்கினார்கள்.

எல்லாம் சரி. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, குப்பையையும் நல்லதையும் யாராவது பிரித்துப் பார்த்தார்களா? பிரித்த பிறகு எறிந்தால் அது ரசனை. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு "நல்லது இருந்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பது எந்த நியாயம்? விசாரணையே இல்லாமல் தீர்ப்பு. துப்பறியும் நாவலுக்கே இது அவமானம்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். ஜெபர்சன் பார்ஜன் என்று ஒரு எழுத்தாளர். 1937இல் 'மிஸ்டரி இன் ஒயிட்' என்று ஒரு கதை எழுதினார். பனியில் ரயில் நின்றுவிடும், பயணிகள் ஆளில்லாத ஒரு வீட்டில் போய் ஒதுங்குவார்கள். அவர் 1955இல் இறந்தார். ஊரே அவரை மறந்துவிட்டது. பிரிட்டிஷ் நூலகம் தன் அலமாரியில் தூங்கிய பழைய மர்ம நாவல்களை ஒரு வரிசையாக மறுபதிப்பு செய்யத் தொடங்கி, இதையும் வெளியிட்டது. 2014 கிறிஸ்துமஸ் சீசனில் புத்தகக் கடைகளில் எதிர்பாராத ஹிட். அத்தனை வருஷம் மறந்து கிடந்த அதே கதைதான், ஒரு வரி மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. ஒரு பிரதி பத்திரமாக இருந்தது, அதை ஒருவர் எடுத்துப் படித்தார்.

தமிழிலும் ஒரு சின்ன முன்மாதிரி உண்டு. 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல் உலகத்திலிருந்து கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு போட்டது. பிரீத்தம் சக்கரவர்த்தி மொழிபெயர்ப்பு. கலர் அட்டைப்படங்களோடு வந்த அந்தப் புத்தகம் பெட்டிக்கடையை எட்டிப் பார்க்காத வாசகர்களிடமும் போய்ச் சேர்ந்தது. தமிழ் நாவலுக்கு மரியாதை இங்கிலீஷ் வழியாக வர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்!

இரண்டாவது விஷயம், மர்ம நாவலுக்கு மட்டும் உள்ள ஒரு நல்ல குணம். அது சில்லறை விவரங்களில் கவனமாக இருந்தாக வேண்டும். காதல் கதையில் ஹீரோ எந்த பஸ்ஸில் வந்தான் என்பது முக்கியம் இல்லை. கொலைக் கதையில் அதுதான் முக்கியம். ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, டிரங்க் கால் புக் செய்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், லாட்ஜ் ரிஜிஸ்டரில் என்ன என்ன எழுதுவார்கள், எஸ்.டி.டி. பூத்தில் பில் எப்படி வரும், தந்தியில் எத்தனை வார்த்தைக்கு எவ்வளவு. இதில் தப்பு செய்தால் வாசகர் மறுநாளே கார்டு போட்டுக் கேட்பார்.

அதனால் 1960களின், 80களின் சாதாரண வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, பெரிய இலக்கிய நாவல்கள் சொல்லாத விவரங்களை இந்த நாவல்கள் போகிற போக்கில் சொல்லிவிடுகின்றன. எழுதியவருக்கே தெரியாமல் அவர் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

காரைக்கால் என்ற களம்

இதில் காரைக்காலுக்கு என்ன நஷ்டம்?

மர்மக் கதைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வேறு போலீஸ். வடக்கே பூவத்தைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. தலைநகரம் புதுச்சேரி 130 கிலோமீட்டர் தள்ளி. ஒரு பிணம் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறதா இந்தப் பக்கம் கிடக்கிறதா என்பதே முதல் அத்தியாயத்துக்குப் போதும். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று இப்போது புதிய சட்டமே சொன்னாலும், கேஸ் கடைசியில் யாரிடம் போகும் என்ற இழுபறி இருக்கத்தானே செய்யும்!

பின்னணி வரலாறு இன்னும் சுவாரஸ்யம். 1739இலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் கை. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆகக்கூடிய நிலைமை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா'க்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள். சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள்.

ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு உயில், ரீயூனியனிலிருந்து திடீரென்று வந்து நிற்கும் ஒரு வாரிசு. பிளாட் தானாக எழுதிக்கொள்ளும்.

சென்னையில் உட்கார்ந்து எழுதும் ஸ்டார் எழுத்தாளர் சென்னையைத்தான் எழுதுவார். கோவைக்காரரான ராஜேஷ்குமாருக்குக் கோவை நன்றாகத் தெரியும், அங்கே கதை நடக்கும். அது தப்பில்லை. ஆனால் சின்ன ஊர்களை எழுத வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்தான் எழுத வேண்டும். அந்த மாதிரி எழுதுபவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்களாகத்தான் இருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கூட்டுறவு வங்கி கிளார்க், தாலுகா ஆபீஸ் ஊழியர். மர்ம நாவலுக்கு வேண்டிய விவரம் எல்லாம் அவர்கள் மேஜையில்தான் இருக்கிறது. கும்பகோணம் வக்கீலை எழுத வடுவூர்க்காரர் வந்தார். டெல்டாவுக்கு இதில் நல்ல பரம்பரையே உண்டு. தேவன் திருவிடைமருதூர், ரா.கி.ரங்கராஜன் கும்பகோணம், பிரபாகர் பட்டுக்கோட்டை.

இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றி எத்தனை சின்னப் பெயர்கள் இருந்திருக்கும்? காரைக்காலை வைத்து, நாகூரை வைத்து, தரங்கம்பாடியை வைத்து யாராவது ஒரு மாத நாவல் எழுதி 1978இலோ 1985இலோ அது கடையில் தொங்கியிருக்கலாம். எழுதியிருந்தாலும் அதைத் தேடி எடுக்க ஒரு பட்டியல் இல்லை. இன்று எழுத நினைக்கும் மாணவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நமக்கு முன்னால் ஒருவர் இதே தெருவில் ஒரு கொலையை நடத்திக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்தால் வருகிற தைரியம் அவருக்குக் கிடைக்காமலே போகிறது. பெரிய நஷ்டம் அதுதான்.

என்ன செய்யலாம்?

இதற்கு அரசாங்கம் வர வேண்டும், பல்கலைக்கழகம் வர வேண்டும் என்று காத்திருந்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். தனி ஆட்கள் செய்ததற்கு உதாரணங்கள் இருக்கின்றன.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் ஆயுள் முழுவதும் புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையும் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே உருவானது. இன்று ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் வருகிறார்கள். அவர் சேர்த்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காமிக்ஸ் ரசிகர்களைப் பாருங்கள். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டுக்கும் இதழ் எண், தலைப்பு, அட்டைப்படம் என்று ரசிகர்களே இணையத்தில் பட்டியல் போட்டார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இரும்புக்கை மாயாவிக்கு உள்ள மரியாதை மேதாவிக்கு ஏன் இல்லை?

வேலை சின்னதுதான். வீட்டுப் பரணில் மாத நாவல் கட்டு இருந்தால் எடைக்குப் போடும் முன் அட்டையையும் முதல் பக்கத்தையும் ஒரு போட்டோ. தலைப்பு, ஆசிரியர், பத்திரிகையின் பெயர், மாதம், வருஷம், விலை, கதை நடக்கும் ஊர். ஒரு எக்செல் ஷீட்டில் ஏழு காலம். முழு நாவலையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் காப்புரிமைப் பிரச்சினை வரும். இந்த விவரங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வகுப்பில் 60 பேர் இருந்தால், ஆளுக்கு ஐந்து நாவல் என்றால் 300 பதிவு. இன்வென்டரி எடுப்பது எப்படி என்று பரீட்சைக்குப் படிக்கிற கூட்டம்தானே, இதில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

காப்புரிமை முடிந்தவர்களின் நாவல்களை முழுதாகவே படிக்கலாம், பகிரலாம். வடுவூராரின் சில நாவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய மணிப்பிரவாள நடை முதல் இருபது பக்கம் படுத்தும். அதைத் தாண்டினால் திகம்பர சாமியார் பார்த்துக்கொள்வார்.

அதன் பிறகு யாராவது "சரக்கு இல்லை" என்று சொல்லட்டும். படித்துவிட்டுச் சொன்னால் அது விமர்சனம், மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். அதுவரை இந்தக் கேஸ் மூடப்படவில்லை. சாட்சிகள் பரணில் இருக்கிறார்கள். பொங்கல் வருவதற்குள் விசாரித்துவிடுவது நல்லது.